ஜெபம் மட்டும்

எங்கள் வட்டாரத்துக் கேரல் குழுவுக்கு மூன்று வருடமாக வீட்டுப் பட்டியல் போடுகிறவன் நான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், காலைப் பூசை முடிந்த கையோடு, இருபது பேர் ஒரு வேனிலும் இரண்டு காரிலும் ஏறிக் கோலசிலாங்கூர் டவுன், அசாம் ஜாவா, தோட்டத்துப் பக்கம் என்று வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். மற்ற ஊர்களில் இதை இரவில்தான் செய்கிறார்கள். எங்கள் பக்கம் பாதி வழி செம்பனைக்கு நடுவே போகும் மண்ரோடு. அதுவும் மழை மாதம். ஒரு வருடம் இருட்டில் வேன் சேற்றில் இறங்கி, பாட வந்தவர்கள் எல்லாரும் வேன் தள்ள வந்தவர்களாகிப் போன பிறகு பகலுக்கு மாற்றிக்கொண்டோம்.

எனக்கு முன்பு பட்டியல் என்று ஒன்று கிடையாது. எல்லாம் குழுத் தலைவரின் தலைக்குள் இருந்தது. அவர் பாசிர் பெனம்பாங்கில் மீன் லோரி ஓட்டுகிறவர். பெரியவர் முதல் சின்னவர் வரை எல்லாரும் அவரைத் "தலைவரே" என்றுதான் கூப்பிடுவோம். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. வருடா வருடம் யார் வீடாவது விட்டுப்போகும். விட்டுப்போன வீட்டுக்காரர்கள் ஈஸ்டர் வரைக்கும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அப்போதுதான் நான் படிப்பை முடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். படித்தது லாஜிஸ்டிக்ஸ். அது என்ன படிப்பு என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "லோரி எந்தப் பக்கம் போவணும்னு சொல்ற படிப்பு" என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். கோலாலம்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் நான் இன்று செய்யும் வேலையைப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்பேதும் இல்லை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவேன். தலைவரின் தலைக்குள் இருந்ததை எல்லாம் எக்செல்லில் ஏற்றினேன். சாப்பாடு போடும் வீடு பச்சை. தண்ணீர், பலகாரத்தோடு முடியும் வீடு மஞ்சள். பாட்டு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று நேரமும் போட்டேன்.

இன்னொரு நிறமும் இருந்தது. அந்த வருடத்தில் சாவு விழுந்த வீட்டுக்குச் சாம்பல்.

துக்க வீட்டில் பாடக் கூடாது என்பது நான் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். கித்தாரையும் டேம்பரினையும் வேனிலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் உள்ளே போவோம். பரலோக மந்திரம் ஒன்று, அருள்நிறை மந்திரம் ஒன்று, இறந்தவருக்காக ஒரு சின்ன ஜெபம். வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வந்துவிடுவோம். நான் செய்தது அதற்கு ஒரு நிறமும் ஒரு பெயரும் கொடுத்ததுதான். குறிப்புக் கட்டத்தில் 'ஜெபம் மட்டும், ஐந்து நிமிடம்' என்று எழுதினேன். ஒரு சாம்பல் வீட்டுக்கு ஏழு நிமிடம் மிச்சமாகும். அந்த ஏழு நிமிடத்தைத் தோட்டத்து ரோட்டில் செலவழிக்கலாம். அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

போன வருடம் நடுவில் அப்பா இறந்துபோனார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்ப பூட்ஸ் மாட்டக் குனிந்தவர், ஒரு காலில் மாட்டிய பூட்ஸோடு அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் தேவைப்படவில்லை.

நவம்பர் கடைசியில், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில், எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்த வருடத்துப் பட்டியலைத் திறந்தேன். எங்கள் வீட்டு வரிசைக்கு வந்ததும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் விரல் சாம்பலைத் தட்டியது. குறிப்பில் 'ஜெபம் மட்டும்' என்று தானாகவே வந்து உட்கார்ந்தது, முன்பு எழுதிய சொல்லைக் கணினியே நிரப்பிவிடும் அல்லவா, அப்படி.

அம்மா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"இது என்னா, நம்ம வீடு மட்டும் அழுக்கா கெடக்கு?"

"அழுக்கு இல்லம்மா. அந்தக் கலரு ஜெபம் மட்டும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. வழக்கம்தானே."

"என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா கையில் துடைக்கிற துணியோடு நின்றிருந்தார். பாசிர் பெனம்பாங்கில் ஒரு கடையில் இறால் உரிக்கிற வேலை அம்மாவுக்கு. அப்பாவை அடக்கம் செய்த இரண்டாவது வாரமே வேலைக்குப் போய்விட்டார்.

"ஆறு மாசமா இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஆஸ்பத்திரியில பேசுற மாதிரி பேசுறாங்கடா. பக்கத்து வீட்டுக்காரி பிளெண்டரைக்கூட பின்னாடி கொண்டுபோயி வச்சு அரைக்கிறா. கடையில என்னைப் பாத்தா ரேடியோவைக் கொறைச்சிடுறாங்க. எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு. கிறிஸ்துமஸுக்காச்சும் யாராவது வந்து சத்தமா பாடட்டுமேன்னு நெனச்சேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று சொன்னது: "அப்ப அத்தை?"

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கலும்பாங்கில் இருக்கிறார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பே வந்து எங்களோடு தங்குவதாகச் சொல்லியிருந்தார். நாற்பதாம் நாள் பூசையன்று, அம்மா பச்சைப் புடவை கட்டியிருந்தார் என்பதற்காக, கோயில் வாசலிலேயே நிற்க வைத்து வேறு புடவை மாற்றி வரச் சொன்னவர்.

அம்மா துணியை உதறி மடித்தார். "சரி விடு. அழுக்காவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவருக்குப் பாட்டு வேண்டும். வேண்டும் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் அத்தை இருக்கிறார், தாமான் இருக்கிறது, கோயிலில் முன்வரிசைப் பெண்கள் இருக்கிறார்கள். புருஷன் செத்த வருடமே கித்தார் கேட்டவள் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அது போகாது.

அன்று பட்டியலை மேற்கொண்டு போட முடியவில்லை. பழைய வருடத்துச் சாம்பல் வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வரிசை உறுத்தியது. அசாம் ஜாவாவில் மனைவியை இழந்த ஒருவர். எண்ணெய் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அதற்கு முந்தைய வருடம் நாங்கள் போனபோது அவர் கூடத்து மேசையில் ஒரு பெரிய தட்டு நிறைய கப்புகளில் சீராப் சர்பத் கலக்கி, ஐஸ் போட்டு வைத்திருந்தார். நாங்கள் ஜெபித்துவிட்டு வந்துவிட்டோம். யாரும் குடிக்கவில்லை. நான் கைப்பேசியைப் பார்த்து, நாலரை நிமிடத்தில் முடிந்தது என்று தலைவரிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. அந்த வருடம் அவர் சாம்பல் அல்ல, துக்க வருடம் கழிந்துவிட்டது. ஆனால் தன் வீட்டுக்கு வரவேண்டாம் என்று தலைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் பூசை முடிந்து நேராக அங்கே போனேன். வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு, லிஸ்ட்டுக்காரத் தம்பியா? நான்தான் வேணாம்னு சொல்லிட்டேனே."

"அதான் அங்கிள், ஏன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் தண்ணீர் டியூபை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "போன வருஷம் நீங்க வந்தீங்க. கித்தாரைக் காணோம். சரி, பின்னால வருதுன்னு நெனச்சேன். எல்லாரும் கண்ணை மூடுனீங்க. நானும் மூடுனேன். தொறந்து பாக்குறேன், வேன் ஸ்டார்ட் ஆவுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அவரே முதலில் சிரித்தார்.

"பதினெட்டு கப்பு தம்பி! அந்த சீராப் பாட்டில் அவ வாங்கி வச்சது. கீழ ஊத்த மனசு வரல. ஃபிரிட்ஜுல வச்சு ரெண்டு நாளா நானே குடிச்சேன். கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி சுகரைப் பாத்துட்டு, கல்யாண வீட்டுக்குப் போனீங்களான்னு கேக்குறா."

"நீங்க பாட்டுக்குத்தான் காத்திருந்தீங்களா?"

"பின்ன?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"எப்படிச் சொல்றது? பொண்டாட்டி செத்தவன், எனக்குப் பாட்டு வேணும்னு போன் போட்டுக் கேப்பானா? நாலு பேரு என்னா பேசுவாங்க? துக்கத்துல இருக்கிறவன் வாயைத் தொறக்க முடியாது தம்பி. நீங்கதான் கேக்கணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அதுவே காதில் ஓடியது. மூன்று வருடத்தில் எத்தனை சாம்பல் வீடுகள். ஒன்றையாவது நான் கேட்டதுண்டா? சாவு செய்தி வாட்ஸ்அப்பில் வரும், நிறத்தை மாற்றுவேன், முடிந்தது வேலை. அவர்கள் வீட்டுக்குள் எதற்கு இடம் இருக்கிறது, எதற்கு இடம் இல்லை என்று அவர்களுக்கு முன்னால் நான் முடிவு செய்திருக்கிறேன்.

தலைவரிடம் சொன்னபோது மீன் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"துக்க வீட்டுக்குப் போன் பண்ணி, பாட்டு வேணுமா ஜெபம் வேணுமான்னு கேக்கப் போறியா? கே.எஃப்.சி.யில ஆர்டர் எடுக்குற மாதிரி? மூளை கெட்டுப்போச்சாடா உனக்கு? அதிகமா படிச்சா இப்படித்தான்லா."

"எங்கம்மாவே கேட்டாங்க தலைவரே."

அவர் முகம் மாறியது. "என்னா கேட்டாங்க?"

"பாட்டு வேணும்னாங்க. அப்புறம் அத்தை வர்றாங்கன்னு வேணாம்னுட்டாங்க."

தலைவர் கையிலிருந்த ஐஸை உதறினார். "வேணாம்னு சொன்னது கணக்கில்ல. கேட்டுட்டாங்க, அதான்" என்றார். பிறகு, "உங்க வீட்டுக்கு நீ ஒன்னும் பண்ணாதே. நானே வாசல்ல வச்சுக் கேக்குறேன். எல்லார் முன்னாலயும். நான் கேட்டதா இருக்கட்டும், அவங்க தலையாட்டுனா போதும். பழி எம்மேல" என்றார்.

அந்த வருடம் எங்களைத் தவிர இன்னும் இரண்டு சாம்பல் வீடுகள் இருந்தன. இரண்டுக்கும் போன் செய்தேன். வேலையில் துறைமுகத்தோடு சண்டை போட எனக்குப் பயம் இல்லை. இதற்குப் பயமாக இருந்தது.

ஒன்று டவுனில் இருக்கும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். இறந்தவர் முன்பு தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். வழக்கறிஞரான மகள் போனை எடுத்தார். நான் தடுமாறித் தடுமாறிக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்: "வாங்கோ தம்பி, பாடுங்கோ. ஆனா சுருதி பிழைச்சுப் பாடாதேங்கோ. அப்பா கல்லறையில இருந்து எழும்பி வந்திடுவார்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று, "கேட்டதுக்கு தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார்.

மற்றது ஃபிளாட்டில் இருக்கும் ஒரு பெண். மூன்று மாதத்துக்கு முன் மகனை மோட்டார் விபத்தில் பறிகொடுத்தவர். கிட்டத்தட்ட என் வயது மகன். "பாட்டு வேணாம் தம்பி" என்றார். குரல் எங்கிருந்தோ வந்தது. "ஜெபமும் மெதுவா. அஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு மேல முடியாது." சரிங்க அக்கா என்றேன். அந்த வரிசையை அப்படியே சாம்பலாக விட்டேன். இப்போது அதற்குப் பக்கத்தில் 'கேட்டாச்சு' என்று ஒரு புதிய கட்டம் இருந்தது.

முதல் ஞாயிறு எங்கள் பக்கம். அத்தை சனிக்கிழமையே கலும்பாங்கிலிருந்து வந்துவிட்டார். வெள்ளைப் புடவை, ஜெபமாலை. அப்பாவின் படத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் சாப்பிட மட்டும் எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பனுக்கு நான்தான்டா மொதப் பல்லு விழுந்தப்ப கூரையில எறிஞ்சேன்" என்று அழுதார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் துக்கம் அவருக்கு அப்படித்தான் இருந்தது.

மதியம் மழை விட்ட நேரத்தில் வேன் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. எங்கள் வீட்டெதிரே ரோடு குறுகல். வண்டி பின்னால் எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வருடமும் அப்பா நடுரோட்டில் நின்று, டிராக்டருக்கு வழி காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் ஆட்டி, "வா, வா, ஒடிச்சு வா, போதும்!" என்று கத்துவார். குழு பாடிய பாட்டைவிட அவர் கத்தியது அதிகம் கேட்கும். அன்று தலைவர் கண்ணாடியைப் பார்த்து அவராகவே பின்னால் எடுத்தார். பின்சக்கரம் வாய்க்கால் மூடிமேல் ஏறி டமாரென்று இறங்கியது. வேனுக்குள் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ரோட்டில் அந்த இடத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

வாசலில் அம்மா. அவருக்குப் பின்னால் அத்தை. பக்கத்து வீட்டுக்காரம்மா வேலியோரம் வந்து நின்றார்.

தலைவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே காலை வைக்காமல், தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்: "தங்கச்சி, இந்த வருஷம் ஒங்க வீட்டுல பாடலாமா? ஒங்களைக் கேக்காம செய்யக்கூடாதுன்னு கேக்குறேன்."

அம்மா அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டார். "என்னா பாட்டு? என் தம்பி மேல போட்ட மண்ணு இன்னும் காயல. கித்தாரு கேக்குதா உங்களுக்கு? ஜெபம் பண்ணிட்டுப் போங்க. எத்தனை வருஷமா இருக்குற வழக்கம்!"

கித்தார்ப் பையன் பையின் ஜிப்பைப் பாதி திறந்தபடி நின்றான். எனக்குள் வாதங்கள் வரிசையாக வந்து நின்றன: கிறிஸ்தவர்களுக்கு ஒரு வருடத் துக்கம் என்று எங்கே எழுதியிருக்கிறது, பாதர் ஒரு பிரசங்கத்தில் சொன்னது, இன்னும் என்னென்னவோ. வாயைத் திறக்கப் போனேன். அம்மா கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அண்ணி, நீங்க அழுங்க. ஒங்க தம்பி. ஒங்களை நான் என்னைக்கும் தடுக்கமாட்டேன்" என்றார். "எனக்குப் பாட்டு வேணும். ரெண்டும் இந்த வீட்டுல நடக்கட்டும்."

அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. இவ்வளவு மோசமாக எங்கள் குழு பாடி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் பயம். கித்தார் முணுமுணுத்தது. டேம்பரின் வைத்திருந்த பெண் அதை ஆட்டாமல் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாருடைய கண்ணும் அடுப்படிக் கதவின்மேல். இரண்டு சரணம் போனதும் அம்மா கையைத் தட்டி நிறுத்தினார்.

"என்னா இது? ஜெபத்தையே ராகம் போட்டுப் பாடுறீங்களா? சத்தமா பாடுங்க. அந்தப் பொண்ணு கையில இருக்கிறது என்னா, தோசைக்கல்லா?"

தலைவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்பிலேயே இரண்டாவது பாட்டைத் தொடங்கினார்கள். நாங்கள் எப்போதும் கடைசி வீட்டுக்கு வைத்திருக்கும் வேகமான பாட்டு. தகரக் கூரையில் பட்டு எதிரொலித்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கை தட்டினார். அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. அம்மா பாடவில்லை. நின்றபடி அழுதுகொண்டிருந்தார், முகத்தைத் துடைக்காமல், யாரிடமும் மறைக்காமல். பாட்டு முடிந்ததும், "இன்னொன்னு" என்றார்.

நானும் பாடினேன். பட்டியல் போட ஆரம்பித்த நாளிலிருந்து நான் பாடியதே இல்லை. நேரம் பார்ப்பவனுக்குப் பாட எங்கே நேரம்? அன்று மூன்றாவது பாட்டின் நடுவில் எனக்குக் குரல் உடைந்து நின்றுவிட்டது. அப்பாவின் அடக்கத்தில்கூட, ஒரே மகன், படித்தவன், எல்லாக் காகிதங்களையும் நான்தான் பார்க்க வேண்டும் என்று, அழாமல் நின்றவன். யாரோ என் தோளில் கை வைத்தார்கள். பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுப்படிக் கதவு திறக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்: அத்தை மறுநாள் காலையிலேயே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு இருக்கவில்லை. ஜனவரியில் ஒருநாள் எனக்குப் போன் செய்து, "உங்கம்மா ஒழுங்கா சாப்பிடுறாளா?" என்று கேட்டார். கொடுக்கட்டுமா அத்தை என்றேன். "வேணாம் வேணாம். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லு" என்று வைத்துவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "கேட்டாங்கல்ல, போதும்" என்றார்.

அன்று பாடி முடித்து எல்லாரும் வேனில் ஏறும்போது அம்மா கேட்டார்: "அடுத்து எங்க?"

"ஃபிளாட்டு. மகனைப் பறிகொடுத்தாங்களே, அந்த அக்கா. ஜெபம் மட்டும்."

"கேட்டியா?"

"கேட்டேன். அவங்களேதான் அப்படிச் சொன்னாங்க."

அம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, கைப்பையோடு வந்தார். அடுப்படிக் கதவருகே நின்று, "அண்ணி, சோறு மேசையில மூடி வச்சிருக்கேன். நான் போயிட்டு வந்துர்றேன்" என்றார். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்து வேனில் தலைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆறு மாதத்தில் வேலைக்கும் கோயிலுக்கும் தவிர அம்மா வேறெங்கும் போனதில்லை.

இரண்டாவது மாடி. கித்தாரும் டேம்பரினும் கீழே இருந்தன. கதவைத் திறந்த பெண் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்தில் மகனின் படம், ஹெல்மெட் ஒன்று, மடித்துவைத்த வேலைச் சட்டை. மெதுவாக ஜெபித்தோம். அவர் கேட்டது அவ்வளவுதான். அதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாரும் எழுந்தார்கள். அம்மா எழவில்லை.

அம்மாவுக்கு அவரை முன்பின் தெரியாது. கோயிலில் தூரத்தில் பார்த்திருப்பார், அவ்வளவுதான். தரையில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீங்க போங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் திரும்பி, "நான் கொஞ்ச நேரம் இருக்கலாமா? பேசணும்னு இல்ல. வேணாம்னா சொல்லுங்க, போயிடுறேன்" என்றார். அந்தப் பெண், உட்காரப் போட்டிருந்த பாயில் தன் பக்கம் நகர்ந்து இடம் விட்டார்.

மீதி வீடுகளை முடிக்க ஐந்து மணி ஆகிவிட்டது. வழக்கறிஞர் வீட்டில் கித்தார்ப் பையன் வேர்த்து விறுவிறுத்துச் சுருதி சேர்த்தான். யாரும் எழும்பி வரவில்லை. குழுவைக் கோயிலில் இறக்கிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஃபிளாட்டுக்குத் திரும்பினேன். போகும்போது கவலையாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியாது என்றவரிடம் மூன்று மணி நேரத்துக்கு மேல் அம்மாவை விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

முதல் மாடித் திருப்பத்திலேயே குரல் கேட்டது. அம்மாவின் குரல் அல்ல.

"...அவனுக்கு இறாலு வச்சா போதும், சட்டியோட தூக்கிட்டுப் போயி டிவி முன்னால உக்காந்துடுவான். தங்கச்சிக்கு ஒன்னு குடுடான்னா தலையைப் பிச்சிக் குடுப்பான். வாலு அவனுக்கு."

"தலையா? எங்க வீட்டுல அவரும் அப்படித்தான்!" இது அம்மா. "கேட்டா, தலையிலதான் சத்து இருக்குன்னு வியாக்கியானம் வேற."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள். யார் சொன்னது யாருக்குக் கேட்டது என்று தெரியவில்லை. பிறகு அந்தப் பெண் அழுகிற சத்தம் வந்தது. அழுகை தணிந்ததும் அந்தப் பெண்ணே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், இறாலில் மஞ்சள் போடும் பக்குவத்தைப் பற்றி.

நான் கதவருகே நின்றேன். தட்டவில்லை. செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியா? ஏன்டா வெளியிலேயே நிக்கிற? உள்ள வந்து உக்காரு. அக்கா இன்னும் சொல்லி முடிக்கல."